ரசத்தில் விழுந்த சுண்ணாம்பு

வக்கீல் வீட்டு ரசத்தில் சுண்ணாம்பு விழுகிறது என்று சிட்டிபாபு மேஸ்திரி வந்து சொன்னபோது கங்கையா பல் விளக்கிக்கொண்டிருந்தான். வாயிலிருந்த கரித்தூளை அப்படியே விழுங்கிவிட்டான்.

"எந்த வக்கீலு?" என்றான், ஒன்றும் தெரியாதவன் போல.

"எத்தினி வக்கீலு வூட்டுக்கு வெள்ளையடிச்சிட்ட நீ? வேதாச்சலம் வக்கீலுதான். புதுசா கட்டின சமையக்கட்டு. மேல்தளம் பூரா திட்டுத் திட்டா மஞ்சப் பூத்துக் கீதாம். அடுப்பு மூட்டி ஆவி கெளம்பினா போதும், செதிலு செதிலா உரிஞ்சி சட்டியில உதுருதாம். நாளைக்கி அவுங்க பொண்ணு சுந்தரிக்கு நிச்சயம். சம்பந்தி வூட்டு ஜனமெல்லாம் வந்து பந்தியில குந்தப் போவுது. அந்தம்மா என்னை நிக்க வெச்சி வாங்கிட்டாங்க. நீ இன்னிக்கே போயி சரி பண்ணிடு."

"நான் போவல மேஸ்திரி. வேற யாரையாவது அனுப்பு."

"வேற ஆளு எங்க கீது? நான் திருப்பதி சத்திரத்து வேலைக்கி பஸ் ஏறணும். 'அந்த நெட்டை ஆளு ரங்கையாவையே அனுப்பு, கெடுத்தவனே வந்து சரி பண்ணட்டும்'னு அந்தம்மா வேற சொல்லிட்டாங்க."

ரங்கையா என்றது கங்கையாவைத்தான். அந்தப் பெயரை வைத்தவரும் மேஸ்திரிதான்.

சித்தூரில் ஒரு வழக்கம் உண்டு. வீடு கட்டி முடித்துப் பால் காய்ச்சுகிற வரைக்கும் அந்த வீடு வேலைக்காரர்களுடையது. கொத்தனார், சித்தாள், ஆசாரி என்று யார் வேண்டுமானாலும் சமையல்கட்டுக்குள் நுழையலாம், அங்கேயே குந்திப் பீடி பிடிக்கலாம், படுத்தும் எழுந்திருக்கலாம். எந்தத் தெருவிலிருந்து வந்தாய் என்று ஒருத்தரும் தோண்டிக் கேட்பதில்லை. ஐயர் வந்து மந்திரம் சொல்லித் தண்ணீர் தெளித்து, அடுப்பில் பால் பொங்கிவிட்டால் அதோடு சரி. அப்புறம் அந்த வாசற்படி வேறு, அதைத் தாண்டுகிற கால் வேறு. கங்கையாவின் கால் சத்தியவேட்டுப் பக்கத்துச் சேரியில் பிறந்த கால். மேஸ்திரிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் வெள்ளையடிக்கிற மட்டையைப் பிடித்தால் கோடு விழாமல் இழுக்கிற கையை விட அவருக்கு மனசில்லை. 'ரங்கையா, நம்ம சந்திரகிரி சொந்தக்காரன்' என்று ஒரு பொய்யைச் சொல்லி அந்த வீட்டுக்குள் விட்டுவிட்டார்.

"அன்னிக்கி அடுப்பு எரியல மேஸ்திரி. இன்னிக்கி எரியுது. நான் எப்பிடி உள்ள போறது?"

"போறதுதான். தீண்டாமை கூடாதுன்னு சட்டமே வந்துட்ச்சேயா, இன்னும் இன்னா பயம் உனக்கு?"

"சட்டம் கோர்ட்டுல கீது. அடி முதுவுல வுழுது."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ போவலன்னாதான் சந்தேகம் வரும். வேதாச்சலம் வாயத் தொறந்தா இந்த ஊர்ல எனக்கு ஒரு சுவரு கெடைக்காது. எனக்கு இல்லன்னா உங்க தெரு ஆளுங்க யாருக்கும் இல்ல. யோசிச்சிக்க."

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டார். அவர் போட்ட கணக்கு சரிதான். கங்கையாவின் தெருவிலிருந்து பிழைக்க வந்த அத்தனை ஆம்பிளைகளும் அவரிடம்தான் வேலை செய்தார்கள். போன மழைக்காலத்தில் ஒரு பெரிய வீட்டில் குடிதண்ணீர்க் குடத்தை நகர்த்தி வைத்த கூலியாள் ஒருவனைத் தூணில் கட்டிப்போட்டு அடித்ததும், அவன் இன்னும் நிமிர்ந்து நடக்க முடியாமல் கிடப்பதும் அந்தத் தெருவுக்கே தெரியும்.

மேஸ்திரிக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இருந்தது. கங்கையாவின் பயமெல்லாம் அதில்தான்.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் சாயங்காலம், மேல்தளத்துக்குக் கடைசிப் பூச்சு பாக்கி இருந்தபோது பிசின் தீர்ந்துபோனது. பிசின் கலக்காத சுண்ணாம்பு காய்ந்தால் கையோடு வந்துவிடும். கடையும் அடைத்துவிட்டிருந்தது. 'எதையாவது போட்டு முடிய்யா, விடிஞ்சா முகூர்த்தம்' என்று மேஸ்திரி கத்திவிட்டுப் போய்விட்டார். ஊரில் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது கஞ்சித் தண்ணீர் கலக்குவது கங்கையாவின் ஜனங்களுக்குப் பழக்கம். அவன் பெண்சாதி செல்லியம்மா கொண்டுவந்த சாப்பாட்டுச் சட்டியில் சோற்றின் மேலே கஞ்சி நின்றிருந்தது. அதை வடித்துச் சுண்ணாம்பில் ஊற்றினான். கையைக் கழுவிக்கொண்டு வெறும் பருக்கையை அவன் தின்றான். மேல்தளம் கஞ்சியைக் குடித்தது. வெள்ளை பிடித்துக்கொண்டது, பளிச்சென்றும் இருந்தது. மண்சுவர் வேறு, அடுப்பின் ஆவி நேராக ஏறுகிற சமையல்கட்டு வேறு என்று அன்றைக்கு அவன் புத்தியில் உறைக்கவில்லை.

"அப்போ நம்ம வூட்டுக் கஞ்சியத்தான் அவுங்க ரசத்துல போட்டுத் துன்னுக்கினு கீறாங்களா?" அவன் இதைச் சொல்லி முடித்ததும் செல்லியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உப்புப் பத்துச்சாமா?"

"சிரிக்காத."

அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது. "போவாதய்யா. காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்க."

"படுத்தா வேற எவனையாவது கூப்ட்டு சுரண்டுவாங்க. கஞ்சி போட்ட வெள்ளைய தண்ணி போட்டுச் சுரண்டினா வாசனை வரும். எவன் போட்டான், எந்த வூட்டுக் கஞ்சின்னு கேள்வி வரும். நானே சுரண்டிட்டா என்னோட போச்சு."

துண்டால் மூக்கையும் வாயையும் சேர்த்து முண்டாசு கட்டிக்கொண்டான். சுண்ணாம்பு வேலைக்காரன் அப்படிக் கட்டினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

வக்கீல் வீட்டுக் கொல்லைப்பக்கமாகத்தான் போனான். வக்கீலின் சம்சாரம் தாட்சாயணி அம்மாள் கையில் கரண்டியோடு நின்றிருந்தார். கரண்டியில் ரசமும், ரசத்தின் மேல் நகம் நகமாக வெள்ளைச் செதில்களும்.

"பாத்துக்கோ. இதுதான் நீ செஞ்ச வேலை. ஊர்லேருந்து வந்த விருந்தாளி 'ரசம் நல்லா இருக்கு, ஆனா மேலே என்ன தாயி, தேங்காய் பத்தையா'ன்னு கேக்கறார். என் மானமே போச்சு. என்னத்தக் கலந்த?"

"பிசினும்மா. கருவேலம் பிசின்."

"பிசினா? ஆவி பட்டா பழைய சோத்துப் பானைய தொறந்த மாதிரி வாசனை வருதே?"

"மழைக்காலத்துப் பிசினும்மா, ஊறிப்போயிருக்கும்" என்று எதையோ உளறினான். அவர் நம்பினாரோ என்னமோ, ஒதுங்கி வழி விட்டார். "இன்னிக்கி சமையல் கொல்லைலதான். நாளைக்கி விடியறதுக்குள்ள எனக்கு இந்த அடுப்பு வேணும். ஐயர் மறுபடி வந்து தண்ணி தெளிக்கறேன்னிருக்கார்."

வாசற்படியைத் தாண்டும்போது வலது காலா இடது காலா என்று அவனுக்குக் குழம்பியது. உள்ளே அடுப்பு அணைந்திருந்தாலும் சாம்பலில் சூடு இருந்தது. பக்கத்தில் ஈயச்சொம்பு, உப்பு ஜாடி, அரிசிப் பானை. ஒன்றின் மேலும் படாமல், பஞ்சாரத்துக்குள் மாட்டிய பூனை மாதிரி நடந்து, எல்லாவற்றையும் பழைய வேட்டியால் மூடினான். மூடும்போது வேட்டியைத்தான் தொட்டான், பானையைத் தொடவில்லை. அவனையே யாரோ கேட்டதுபோல இதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

பலகைச் சாரத்தில் ஏறி அண்ணாந்து பார்த்தான். அடுப்புக்கு நேர் மேலே பெரிய மஞ்சள் திட்டு. அதைச் சுற்றிச் சிரங்கு பிடித்த மாதிரி சின்னச் சின்னதாக உரிந்திருந்தது. ஜன்னல் பக்கம் மட்டும் ஆவி எட்டாததால் நல்ல வெள்ளை. சோடாத்தூள் போட்ட வெந்நீரில் சாக்கை நனைத்துத் தளத்தில் ஒற்றி, ஊறவிட்டு, தேய்ந்த கரண்டியால் சுரண்டினான். கஞ்சி வெள்ளை பிசுபிசுவென்று சுருண்டு வந்தது. சுருண்டு வந்ததையெல்லாம் கீழே விடாமல் சட்டியில் பிடித்தான். ஒரு செதில் தரையில் விழுந்தால்கூட இறங்கி எடுத்தான். தன் வீட்டுச் சோற்றைத் தானே பொறுக்கிக்கொண்டிருப்பது போலிருந்தது. நல்ல வெள்ளை இருந்த ஜன்னல் பக்கத்தையும் விடாமல் சுரண்டினான். ஒரு மூலையில் கஞ்சி தங்கினாலும் அது ஒருநாள் வாயைத் திறக்கும் என்று பயம்.

பிறகு பிசினைக் காய்ச்சி, வடிகட்டிய சுண்ணாம்பில் ஊற்றி, துளி நீலம் போட்டு, மோர் மாதிரி தண்ணீராகக் கலக்கி முதல் பூச்சை இழுத்தான். இந்த வேலையில் ஒரு தொல்லை. சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே தெரியாது. அடியில் இருக்கிற கறை, மேடு பள்ளம் எல்லாம் கண்ணாடிக்குள் தெரிகிற மாதிரி தெரியும். காயக் காயத்தான் வெள்ளை எழும்பி வரும். அதுவரைக்கும் நல்லதா கெட்டதா என்று பூசினவனுக்கே சொல்லத் தெரியாது. காத்திருக்க வேண்டும். முதல் பூச்சு காய்ந்தால்தான் குறுக்கே இரண்டாவது பூச்சு. எந்த இடத்தில் நிற்கவே கூடாதோ அந்த இடத்தில் கங்கையா நின்று காத்திருந்தான்.

அப்போதுதான் கூடத்தில் ஒரு குரல் கேட்டது.

"வேதாச்சலம், நான் சொல்றேன் கேளு. எங்க ஊர்ல தெலுங்குல பேசினா நாயி கூட திரும்பிப் பாக்காது. அந்த ஊர மெட்ராஸ்ல சேக்காம ஆந்திராவுல வெச்சிக்கினா அது நியாயமா? மனு ஸ்ட்ராங்கா எழுதணும்."

கோவர்த்தனன்.

கங்கையாவின் ஊர்க்காரர். ஏரிக்கு இந்தப் பக்கம் அவர் நிலம், அந்தப் பக்கம் கங்கையாவின் சேரி. கங்கையாவின் அப்பன் அந்த நிலத்தில் உழுதான், கங்கையாவும் மீசை முளைக்கிற வரைக்கும் அங்கேதான் நாற்று பிடுங்கினான். எல்லை பிரிக்கிற விவகாரத்தில் மனு எழுத வக்கீலைத் தேடி வந்திருக்கிறார் போலும். தேங்காய்ப் பத்தையா என்று கேட்ட விருந்தாளி இவர்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

சாரத்தின் மேல் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பலகை கிரீச்சென்றது. ஜன்னலைப் பார்த்தான். கம்பி. கொல்லை வாசலில் தாட்சாயணி அம்மாள்.

கைகழுவ வந்த கோவர்த்தனன் சமையல்கட்டு வாசலில் நின்றுவிட்டார். எந்த வேலை நடந்தாலும் நின்று குற்றம் சொல்லாமல் போகிற ஆளில்லை அவர்.

"யார்ரா அது மேல? திட்டு அப்பிடியே கீதே! இன்னாத்த பூசன?"

தமிழில் பதில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கங்கையா தொண்டையைச் சுருக்கிக்கொண்டு தெலுங்கில் சொன்னான்: "ஆரலேதண்டி." இன்னும் காயவில்லையாம்.

"தெலுங்கு ஆளா? பேரு இன்னா?"

"ரங்கையாண்டி. சந்திரகிரி."

"ஏன்ப்பா," என்றார் தாட்சாயணி அம்மாள், கொல்லை அடுப்புப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "காலைலகூட என்கிட்ட தமிழ்லதானே பேசின?"

கங்கையா தளத்தைப் பார்த்தபடி மட்டையைக் காற்றில் இழுத்தான்.

"தெலுங்கோ தமிழோ, வேலை ஒழுங்கா இல்ல," என்றார் கோவர்த்தனன். "மேல நின்னுக்கினு இருந்தா உனக்கு எப்பிடித் தெரியும்? எறங்கி வா. இங்க நின்னு பாரு, அந்த மூலைய."

இறங்கித்தான் ஆகவேண்டும். இறங்கினான். முகம் துண்டுக்குள் இருந்தது, கண் மட்டும்தான் வெளியே. அதையும் தரையில் வைத்துக்கொண்டு நிற்பதாகத்தான் யோசனை. நின்றிருந்தால் தப்பித்திருப்பான்.

கை சும்மா இருக்கவில்லை. கோவர்த்தனன் எதிரே வந்து நின்றதும், அவன் சொல்லாமலே, அவனைக் கேட்காமலே, கை தலைக்குப் போனது. முண்டாசை அவிழ்த்தது. துண்டை இடுப்பில் கட்டி முடிச்சுப் போட்டது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்த மனிதர் வரப்பில் வந்தால் அப்படித்தான். தலையில் துணியோடு நின்றால் அப்பனுக்குத்தான் அடி விழும். சித்தூர் வந்து இத்தனை வருஷமாகியும், வக்கீல் முன்னால் ஒருநாளும் அவிழாத முண்டாசு, இப்போது தானாக இடுப்புக்கு இறங்கிவிட்டது. முடிச்சுப் போட்டு முடித்த பிறகுதான் கங்கையாவுக்குத் தான் செய்தது தெரிந்தது.

கோவர்த்தனன் அவன் முகத்தைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது.

"என்ன அண்ணா?" தாட்சாயணி அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரர் முன்னாடிகூட இந்த ஆள் தலைத்துண்ட எடுத்ததில்லை. உங்களுக்கு இவனத் தெரியுமா?"

கங்கையா மனசுக்குள் செல்லியம்மாவை நினைத்துக்கொண்டான். ஓடச் சொல்லி யாராவது அவளிடம் போய்ச் சொல்வார்களா என்று நினைத்தான்.

கோவர்த்தனன் தளத்தைப் பார்த்தார். அணைந்த அடுப்பைப் பார்த்தார். வேட்டிக்கு அடியில் புடைத்துத் தெரிந்த ஈயச்சொம்பைப் பார்த்தார்.

"இவனயா? நான் எங்க பாத்தேன்? சந்திரகிரி ஆளுங்களுக்கு மரியாதை ஜாஸ்தி தாயி" என்றார். "டேய், கைகழுவணும். வந்து தண்ணி..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டு, "நானே சேந்திக்கிறேன். நீ வா, அந்த மூலைய எப்பிடிப் பூசணும்னு சொல்றேன்" என்று கிணற்றடிக்குப் போனார்.

கங்கையா பின்னாலே போய்க் கிணற்றுக்கு நாலு எட்டு தள்ளி நின்றான்.

"கங்கையாதானே?"

"ஆமா ஆண்டே." நிலக்காரரைச் சேரி அப்படித்தான் கூப்பிடும்.

"இன்னாடா கலந்த? அந்தம்மா பழைய சோத்து வாசனைன்னு சொல்லிக்கினே கீது."

பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் எதிரே அந்த வாய்க்கு அது பழக்கமில்லை. "கஞ்சி, ஆண்டே."

"எந்த வூட்டுக் கஞ்சி?"

கங்கையா தலையைக் குனிந்துகொண்டான். அதுவே பதில்.

கோவர்த்தனன் அவசரமாக வாளியை இழுத்து வாய் கொப்புளித்தார். திரும்பவும் கொப்புளித்தார். வந்த நாளிலிருந்து சாப்பிட்ட ரசமெல்லாம் அந்த ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும் என்பது போல. கங்கையாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மனிதர் மிரண்டுபோனதைப் பார்த்ததும் அவன் பயம் இரட்டிப்பாகத்தான் ஆனது. பயந்துபோன பெரிய மனுஷன் என்ன வேண்டுமானாலும் செய்வான்.

"கேளுடா. இது வெளிய தெரிஞ்சா உனக்கு முதுவு போவும். எனக்கு ஊர்ல தலை போவும். பந்தியில எவன் என் பக்கத்துல குந்துவான்? நாளைக்கி நிச்சயம், பொண்ணு வூட்டு சார்புல நான்தான் தாம்பூலம் மாத்தணும்." அவர் கொல்லை வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "அதனால நீ ரங்கையாதான். கங்கையாவ நான் பாக்கல. இனிமே ஊர்ப்பக்கம் உன் மூஞ்சிய காட்டின, அன்னியோட உன் குடிசை இருக்காது. புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது ஆண்டே."

"ஆண்டேன்னு சொல்லாதடா! சந்திரகிரிக்காரன் ஆண்டேன்னு சொல்லுவானா?"

கங்கையா திரும்பிப் போய் இரண்டாவது பூச்சைக் குறுக்கே இழுத்தான். மட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வெயில் தாழும்போது தளம் காயத் தொடங்கியது. ஜன்னல் பக்கம் முதலில் வெள்ளை எழும்பியது, பிறகு நடுவில், கடைசியாக அடுப்புக்கு நேர் மேலே. திட்டு இல்லை. தாட்சாயணி அம்மாள் ஒரு சட்டி வெந்நீரைக் கொதிக்கவைத்து ஆவி காட்டிப் பார்த்தார். ஒரு செதில் விழவில்லை, வாசனையும் இல்லை.

"இப்பதான் வேலை" என்றார். பிறகு அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குக் கூடத்துக்கும் நீயே வா ரங்கையா" என்றார். எதற்கோ அந்தப் பெயரைச் சற்று நிறுத்தி, அழுத்தித்தான் சொன்னார். அவன் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, இலையில் வைத்த சோற்றை விரதம் என்று மறுத்துவிட்டு, சுரண்டிய சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தான். சாக்கடையில் அதைக் கவிழ்த்தபோதும் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தான்.

மறுநாள் செல்லியம்மாவோடு திருப்பதி பஸ்ஸில் ஏறிவிட்டான். சத்திரத்து வாசலில் மேஸ்திரி அவனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, உள்ளே சத்திரத்து நிர்வாகம் பார்க்கிற நாராயணசாமியிடம் கையோடு அழைத்துப் போனார்.

"இவன்தாங்க நான் சொன்ன ஆளு. ரங்கையா. சந்திரகிரி, நம்ம சொந்தம். சமையக்கூடத்த இவன்கிட்ட வுட்டுடலாம்."

கங்கையா ஒரு எட்டு பின்னால் வைத்தான். "இல்லீங்க," என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொருதரம் சொன்னான். "கங்கையாங்க. சத்தியவேட்டாண்ட சேரி."

மேஸ்திரி அவன் காலை மிதித்தார். நாராயணசாமி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சமையக்கூடத்துக்கு வேற ஆளப் பாரு," என்றார் கடைசியில், மேஸ்திரியிடம். "வெளி மதிலு இருக்கு. அத அடிக்கட்டும்."

வெளியே வந்ததும் மேஸ்திரி பல்லைக் கடித்தார். "அறிவு கீதாயா உனக்கு? யாரு கேட்டாங்க உன்ன?"

"ரங்கையாவும் பயப்படறான், கங்கையாவும் பயப்படறான். ரெண்டு பேருக்கும் சேத்துப் பயப்பட என்னால முடியல மேஸ்திரி. ஒருத்தனே போதும்."

"மதிலு பூரா வெய்யிலு, தெரிமா? ஒதுங்க ஒரு மரம் கெடையாது."

"தெரியும்," என்றான் கங்கையா. சுண்ணாம்புத் தொட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "வெய்யில்ல சீக்கிரம் காயும். நின்னு காத்துக்கினு கெடக்க வேணாம்."